நொதுமல் கற்றை: பிறந்த வீடும் புகுந்த வீடும்

கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 1986 பிப்ரவரியில் ஒரு பெரும்பொறி கட்டி முடிக்கப்பட்டது. எம்.எஃப்.டி.எஃப்-பி என்பது அதன் பெயர். 'காந்த ஆடி' என்னும் முறையில் அணுக்கரு இணைவை ஆராய்வதற்காக எழுப்பப்பட்டது. செலவு 37 கோடியே 20 லட்சம் டாலர். அதற்கெனச் செய்யப்பட்ட மீக்கடத்துக் காந்த இணை ஒன்றின் எடை மட்டும் 375 டன். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளின் உழைப்பு அது. ஆனால் பணி நிறைவு விழா நடந்த கையோடு, ஒருமுறைகூடப் பிளாஸ்மா நிரப்பப்படாமலேயே அது மூடப்பட்டது. குடமுழுக்கு நாளன்றே நடைசாத்தப்பட்ட கோயில் என்றுதான் அதைச் சொல்லத் தோன்றுகிறது.

இணைவு ஆய்வின் வரலாறு பெரும்பாலும் 'டோகமாக்' என்னும் வளைய வடிவப் பொறியின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. அக்கதையில் காந்த ஆடிக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தால் பெரிது. வென்றவர் பாடிய பரணியை மட்டும் படித்துவிட்டு வரலாற்றை அறிந்துகொண்டதாக எண்ணுவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இதுவும். தோற்றதாகக் கருதப்பட்ட இந்த ஆடிப் பொறிகள் பேணி வளர்த்த ஒரு நுட்பந்தான், வென்ற டோகமாக்கைக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்துக்கு உயர்த்தியது. மின்னூட்டமற்ற அணுக்களின் விரைந்த கற்றையைப் பாய்ச்சும் நுட்பம் அது. அதன் பிறப்பையும் வளர்ப்பையும் இடப்பெயர்வையும் இக்கட்டுரையில் காண்போம்.

வாயில் காப்பும் அதன் சிக்கலும்

காந்த ஆடி என்பது என்ன? மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் காந்தப் புலத்தில் நேராகச் செல்வதில்லை. புலக்கோட்டைச் சுற்றிச் சுருள்சுருளாக நகர்கிறது. அப்படி நகரும் வழியில் புலம் மேலும் மேலும் வலுப்பெற்றால், துகளின் முன்னேறும் வேகம் குறைந்து சுற்றும் வேகம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் முன்னேற்றம் முற்றும் நின்று துகள் திரும்பிவிடுகிறது. ஆடியில் பட்ட ஒளி திரும்புவதைப் போன்றது என்பதால் இப்பெயர். ஒரு குழாயின் இரு முனைகளிலும் புலத்தை வலுப்படுத்தினால், நடுவிலுள்ள பிளாஸ்மா இரண்டு ஆடிகளுக்கிடையே போவதும் வருவதுமாகச் சிறைப்பட்டிருக்கும்.

விண்வெளியில் திரியும் காந்த மேகங்களில் துகள்கள் இவ்வாறு மோதித் திரும்புவதைக் கொண்டு காஸ்மிக் கதிர்களின் ஆற்றலை விளக்க முயன்று 1949இல் என்ரிகோ ஃபெர்மி கட்டுரை எழுதினார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள், இந்த இயல்பைக் கொண்டு பிளாஸ்மாவை அடைக்கலாம் என்ற எண்ணம் இரு நாடுகளில் தனித்தனியே எழுந்தது. அமெரிக்காவில் லிவர்மோரின் ரிச்சர்ட் போஸ்ட். சோவியத் ஒன்றியத்தில் கெர்ஷ் புத்கர். இருவரும் 1918இல் பிறந்தவர்கள். இருவரின் ஆய்வும் அரசு மறைபொருளாக இருந்தமையால் ஒருவரையொருவர் அறியார். புத்கர் தம் பொறிக்குப் 'புரோப்கோட்ரான்' எனப் பெயரிட்டார். ரஷ்ய மொழியில் 'புரோப்கா' என்றால் தக்கை. ஒருவருக்கு ஆடியாகத் தோன்றியது மற்றவருக்குப் புட்டியின் தக்கையாகத் தோன்றியிருக்கிறது.

ஆனால் இந்தத் தக்கையில் ஓட்டை உண்டு. புலக்கோட்டின் திசையிலேயே ஏறக்குறைய நேராகச் செல்லும் துகள்களை ஆடியால் திருப்ப இயலாது. அவை முனைவழியே வெளியேறிவிடும். அத்திசைகளின் தொகுதியை 'இழப்புக் கூம்பு' என்பர். உள்ளிருக்கும் துகள்களும் ஒன்றோடொன்று மோதித் திசை மாறி, நாளடைவில் அக்கூம்புக்குள் விழுந்து தப்பிவிடுகின்றன. இதற்கு ஒரே மருந்து, மோதல்களைக் குறைப்பது. துகள் விரையும்போது மோதலால் திசை திரும்புவது குறைகிறது. ஆற்றல் நான்கு மடங்கானால் தங்கும் காலம் எட்டு மடங்காகும். ஆகவே காந்த ஆடிக்கு வெப்பம் என்பது இறுதியில் எய்தவேண்டிய பயன் மட்டுமன்று. முதலிலிருந்தே உயிர் தரிப்பதற்கான நிபந்தனை.

அப்படியானால் விரைந்த அயனிகளை வெளியிலிருந்து உள்ளே செலுத்தலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். உள்ளிருப்பதை வெளியே விடாத புலம், வெளியிலிருப்பதையும் உள்ளே விடாது. தப்பித் தவறி நுழைந்துவிட்ட அயனியும், நுழைந்த பாதையைப் போன்றதொரு பாதையிலேயே வெளியேறிவிடும்.

நொதுமலர் நுழைந்த வழி

இதற்குக் கண்ட விடை மிக எளிமையானது. மின்னூட்டம் அற்ற ஒன்றைக் காந்தப் புலம் பொருட்படுத்துவதில்லை. எனவே அயனியை முதலில் வேகப்படுத்தி, பின்னர் அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து முழு அணுவாக்கி அனுப்பிவிட்டால், அது புலத்தைக் கடந்து நேராக உள்ளே சென்றுவிடும். உள்ளே சென்றபின் பிளாஸ்மாவோடு மோதி எலக்ட்ரானை இழக்கும், மீண்டும் அயனியாகும். இப்போது புலத்தின் பிடியில் அகப்பட்டுக்கொள்ளும்.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். நம் பாடநூல்கள் மின்னூட்டமற்ற நிலையை 'நடுநிலை' என்கின்றன. நடுவுநிலைமை நம் மரபில் ஓர் அறம். வாதி, பிரதிவாதி இருவருக்கும் ஒப்ப நிற்பது. அணுவுக்கு அத்தகைய அறம் ஏதுமில்லை. பழந்தமிழில் இதற்கு மேலும் பொருத்தமான சொல் இருக்கிறது. பகையும் நட்பும் அல்லாத அயன்மையை 'நொதுமல்' என்றனர். அகப்பொருள் மரபில் 'நொதுமலர் வரைவு' என்பது, தலைவியின் காதலை அறியாத அயலார் அவளை மணம் பேசி வருவது. காந்தப் புலம் இந்த அணுவைத் தடுக்காததற்குக் காரணம், அது அயலாரைக் கண்டுகொள்ளாதது என்பதே. நியூட்ரானுக்கு 'நொதுமி' என்று பெயர் வைத்தவர்களும் இவ்வழியில்தான் சென்றார்கள். ஆகவே நாமும் இதனை நொதுமல் கற்றை என்றே அழைப்போம்.

கேட்பதற்கு எளிமையான இம்முறையைச் செய்து முடிப்பது எளிதாக இல்லை. மின்வில்லால் ஹைட்ரஜனை அயனியாக்கும் ஒரு கலம். அயனிகளைப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் இழுத்து விரைவுபடுத்தும் துளைத் தகடுகள். அவை கடந்து செல்லும்போது எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்ள மெல்லிய வாயு நிரம்பிய ஓர் அறை. எலக்ட்ரான் கிடைக்காத அயனிகளை ஒதுக்கித் தள்ளும் காந்தம். மிஞ்சிய வாயு உள்ளே புகாதபடி உறிஞ்சும் பொறிகள். இத்தனையும் வேண்டும். இதில் கடைசி உறுப்பு மிக முக்கியமானது. எலக்ட்ரானைப் பெற்று உள்ளே நுழைந்த அதே தந்திரம் எதிர்த்திசையிலும் நடக்கும். உள்ளே கொஞ்சம் குளிர்ந்த வாயு தங்கியிருந்தாலும், விரைந்த அயனி அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு மறுபடி நொதுமலாகி வெளியேறிவிடும். அந்த இடத்தில் நமக்கு மிஞ்சுவது குளிர்ந்த ஓர் அயனி.

1958இல் ஜெனீவாவில் நடந்த இரண்டாவது அணுசக்தி மாநாட்டில் இரு தரப்பும் தத்தம் மறைபொருளை வெளியிட்டன. அக்காலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தின் டி.சி.எக்ஸ். பொறியும் மாஸ்கோவின் 'ஓக்ரா' பொறியும் வேறொரு வழியைக் கையாண்டன. இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அயனியை உள்ளே செலுத்தி, அங்கே உடைத்துச் சிறைப்படுத்துவது அம்முறை. இங்கிலாந்தின் 'ஃபீனிக்ஸ்', லிவர்மோரின் 'ஆலிஸ்' ஆகிய ஆடிப் பொறிகள்தாம் 1960களில் நொதுமல் அணுக்களைச் செலுத்தும் வழியில் நின்றன. அக்காலத்துக் கற்றைகள் மெலிந்தவை. அவற்றால் உருவான பிளாஸ்மாவும் மெலிந்ததே.

1975: பன்னிரண்டு கற்றைகள்

ஆடிப் பொறிகளுக்கு இன்னொரு நோயும் இருந்தது. எளிய ஆடியில் நடுப்பகுதிப் புலம் வெளிநோக்கி வலுக்குறைகிறது. பிளாஸ்மா அந்த வலுக்குறைந்த பக்கமாகப் புடைத்துக்கொண்டு சுவரை நோக்கி வழிந்துவிடும். இதற்கு மருந்து கண்டவர் மாஸ்கோவின் மிகயில் யோஃபே. ஆடிப் புலத்தோடு நீளவாட்டில் மின்னோட்டத் தண்டுகளைச் சேர்த்து, எப்பக்கம் நகர்ந்தாலும் புலம் வலுக்கும்படியான ஒரு காந்தக் கிணற்றை அவர் அமைத்தார். 1961இல் சால்ஸ்பர்க் மாநாட்டின்போது இது உலகுக்குத் தெரியவந்தது. பின்னர் இதே புலத்தை ஒரே சுருளால் உண்டாக்க, பேஸ்பால் பந்தின் தையல் போல வளைந்த காந்தங்களை லிவர்மோர் செய்தது.

அந்த நோய் தீர்ந்ததும் அடுத்தது தலைகாட்டியது. இழப்புக் கூம்பு காலியாக இருப்பதே பிளாஸ்மாவுக்குள் நுண்ணலைகளைக் கிளப்பி, அயனிகளை வேகமாகச் சிதறடிக்கக்கூடும் என்பதை 1960களின் நடுவில் மார்ஷல் ரோசன்புளூத்தும் போஸ்ட்டும் கோட்பாட்டளவில் காட்டினர். தம் வாழ்நாள் பொறியின் குறையைத் தாமே கணக்கிட்டு வெளியிட்டவர் போஸ்ட் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இந்நிலையில் 1970களில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் அயனிக் கலங்களில் பெரும் முன்னேற்றம் கண்டனர். ஒரே கலத்திலிருந்து பல பத்து ஆம்பியர் அளவுக்குக் கற்றை கிடைக்கலாயிற்று. அவற்றில் பன்னிரண்டை ஃபிரெட் கோன்ஸ்கன் குழுவினர் லிவர்மோரின் 2எக்ஸ்IIபி பொறியைச் சுற்றிப் பொருத்தினர். கற்றையின் ஆற்றல் ஏறத்தாழ 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட். முதலில் நுண்ணலைகள் பிளாஸ்மாவைச் சிதைத்தன. அதன்பின் முனைவழியே மெல்லிய வெதுவெதுப்பான பிளாஸ்மாவைப் பாயவிட்டு, காலியான கூம்பை ஓரளவு நிரப்பினர். நுண்ணலைகள் அடங்கின. 1975 கோடையில் அயனிகளின் சராசரி ஆற்றல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியது. அதாவது பத்துக் கோடி டிகிரியைத் தாண்டிய வெப்பம். அந்நாளில் எந்த டோகமாக்கும் அந்த வெப்பத்தின் அருகில்கூட இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். டோகமாக்கில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்மாவுக்குக் கற்றை மேலும் சூடேற்றுகிறது. ஆடியிலோ கற்றைதான் பிளாஸ்மா. சோறும் அதுவே, அடுப்பும் அதுவே. கற்றை நின்றால் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் எல்லாம் கரைந்துவிடும். இப்படி முழுக்க முழுக்கக் கற்றையையே நம்பி வாழ்ந்த பொறி என்பதால்தான், கற்றை நுட்பம் அங்கே அத்தனை வேகமாக வளர்ந்தது.

ஆயினும் கணக்கு கட்டுப்படியாகவில்லை. பிளாஸ்மாவிலிருந்த எலக்ட்ரான்கள் குளிர்ந்தே கிடந்தன. அவற்றின் வெப்பம் நூறு எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். தண்ணீரில் அமிழ்த்திய பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போல, கற்றையின் அயனிகள் அக்குளிர்ந்த எலக்ட்ரான்களிடம் தம் ஆற்றலை இழந்தன. எல்லாம் சரியாக அமைந்தாலும், எளிய ஆடி உலை தான் பெற்ற ஆற்றலுக்கு மேல் பெரிதாக எதையும் திருப்பித் தராது என்பது தெளிவாயிற்று. வட்டிக்கு வாங்கி அசலுக்கு விற்பதற்கு ஒப்பானது அது.

இரட்டை ஆடியும் மூடிய கதவும்

1976இல் மீண்டும் பழைய வியப்பு நிகழ்ந்தது. நோவோசிபிர்ஸ்க் நகரில் புத்கர் நிறுவிய ஆய்வுக்கழகத்தின் கென்னடி டிமோவ் குழுவினரும், லிவர்மோரின் கென்னத் ஃபௌலர், கிராண்ட் லோகன் இருவரும் ஒரே எண்ணத்தைத் தனித்தனியே வெளியிட்டனர். நீண்ட ஒரு குழாயின் இரு முனைகளிலும் தனித்தனி ஆடிகளை வைப்பது. அம்முனைகளில் மட்டும் நொதுமல் கற்றைகளால் அடர்ந்த பிளாஸ்மாவை நிரப்பினால், அங்கே நேர்மின்னழுத்தம் ஒரு குன்றுபோல் உயரும். நடுக்குழாயின் அயனிகள் அந்தக் குன்றைத் தாண்ட இயலாமல் உள்ளேயே தங்கும். கற்றைக்கு இனி வாயில்காப்போன் வேலை. இணைவு நடப்பது நடுக்கூடத்தில்.

ஜப்பானின் சுகுபாவில் இயங்கிய 'காமா 6', லிவர்மோரின் டி.எம்.எக்ஸ். ஆகியன இவ்வெண்ணம் மெய்யே என்று காட்டின. ஆனால் உலை அளவுக்குப் போக, முனைகளில் மிக வலிய காந்தங்களும் மிக உயர்ந்த ஆற்றலுடைய கற்றைகளும் தேவைப்பட்டன. அதைத் தவிர்க்க 1979இல் டேவிட் பால்ட்வினும் லோகனும் 'வெப்பத் தடுப்பு' என்னும் மேலுமொரு அமைப்பை முன்மொழிந்தனர். ஒரு குறையைத் தீர்க்க ஒரு காந்தம், அக்காந்தத்தின் குறையைத் தீர்க்க மற்றொன்று, இடையில் நுண்ணலை அடுப்புகள் என்று பொறி சிக்கலாகிக்கொண்டே போனது. கட்டத் தொடங்கியபோது ஒற்றை ஆடியாக இருந்த லிவர்மோர்ப் பெரும்பொறி, பாதி வழியில் இரட்டை ஆடியாக மாற்றி வரையப்பட்டது. 1980களின் நடுவில் எண்ணெய் விலை வீழ்ந்தது; இணைவு ஆய்வுக்கான அமெரிக்க நிதி சுருங்கியது. இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலை வந்தபோது, தேறக்கூடியதாகத் தோன்றியது டோகமாக். தொடக்கத்தில் சொன்ன அந்த 1986 பிப்ரவரி இவ்வாறுதான் வந்தது.

அம்முடிவு முழுக்க அநீதி என்று நாம் சொல்ல மாட்டோம். எலக்ட்ரான்களின் குளிர்ச்சியும் பொறியின் சிக்கலும் மெய்யான குறைகள். ஆனால் கட்டி முடித்த பொறியை ஒருமுறை இயக்கிப் பார்த்திருந்தால், அக்குறைகள் தீருமா தீராவா என்பதாவது தெரிந்திருக்கும். தோல்வியிலும் பெறத்தக்க அறிவு ஒன்று உண்டு. இங்கே அதுவும் கிடைக்கவில்லை என்பதே இழப்பு.

புகுந்த வீடு

டோகமாக்கின் புகழ் பரவத் தொடங்கிய இடமும், வேடிக்கையாக, புத்கரின் ஊரேதான். 1968இல் நோவோசிபிர்ஸ்கில் கூடிய மாநாட்டில் லெவ் அர்த்சிமோவிச், டி-3 டோகமாக்கின் முடிவுகளை வெளியிட்டார். டோகமாக் தன்னுள் ஓடும் மின்னோட்டத்தாலேயே சூடாகும் பொறி. ஆனால் பிளாஸ்மா சூடாகச் சூடாக அதன் மின்தடை குறைகிறது. எனவே மேலும் சூடாவது நின்றுபோகிறது. ஒரு கோடி, இரண்டு கோடி டிகிரிக்கு மேல் ஏற வெளித்துணை தேவைப்பட்டது.

அத்துணையை ஆடிக்காரர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். 1970களின் முற்பாதியிலேயே ஓக் ரிட்ஜ், பிரின்ஸ்டன், கல்லம் ஆகிய இடங்களின் சிறிய டோகமாக்குகளில் நொதுமல் கற்றைகள் பாய்ச்சப்பட்டன. 1978இல் பிரின்ஸ்டனின் பி.எல்.டி. டோகமாக், ஓக் ரிட்ஜ் செய்தளித்த கற்றைகளால் ஆறு கோடி டிகிரியைத் தாண்டியது. ஒரு காலத்தில் டி.சி.எக்ஸ். என்னும் ஆடிப் பொறியில் உழைத்த அதே ஓக் ரிட்ஜ்தான் இது. 2எக்ஸ்IIபிக்குக் கற்றை தந்த பெர்க்லி, பிரின்ஸ்டனின் டி.எஃப்.டி.ஆர். பொறிக்கான கற்றைகளை உருவாக்கியது. அப்பொறி 1994இல் 10.7 மெகாவாட் இணைவுத் திறனை வெளியிட்டது. இங்கிலாந்திலிருந்த ஐரோப்பியப் பொறியான ஜெட் 1997இல் 16 மெகாவாட்டை எட்டியது. 2023இல் ஓய்வு பெறுமுன் ஒரே துடிப்பில் 69 மெகாஜூல் ஆற்றலை வெளியிட்டது. இவை அனைத்திலும் சூடேற்றும் பணியின் பெரும்பங்கு நொதுமல் கற்றைகளுடையதே.

பொறி பெரிதானால் கற்றை ஆழமாகச் செல்ல வேண்டும். அதற்கு ஆற்றல் உயர வேண்டும். ஆனால் நேர்மின் அயனி மிக விரைந்தால், வாயு அறையைக் கடக்கும்போது எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்வதில்லை. இதற்கான வழி, ஓர் எலக்ட்ரான் மிகுதியாக உள்ள எதிர்மின் அயனியிலிருந்து தொடங்குவது. கொடுப்பது கடினம், பறிப்பது எளிது. அத்தகைய அயனிகளை மிகுதியாகத் தரும் கலத்தை, சீசியம் என்னும் தனிமத்தைத் துணைக்கொண்டு 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் நோவோசிபிர்ஸ்கின் பெல்சென்கோ, டிமோவ், துட்னிகோவ் ஆகியோர். இந்த டிமோவ், இரட்டை ஆடியை முன்மொழிந்த அதே டிமோவ்தான். பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் டோகமாக்கின் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கற்றைகள் எதிர்மின் அயனி வழியையே பின்பற்றுகின்றன. அதே பொறியின் பிளாஸ்மாவை ஆய்ந்தறிவதற்கான கற்றையொன்றைச் செய்து தரும் பொறுப்பு இந்தியாவினுடையது.

தாய்வீடு திரும்புதல்

நோவோசிபிர்ஸ்க் ஆடியைக் கைவிடவில்லை. 1979இல் மிர்னோவும் ரியுதோவும் முன்மொழிந்த 'வாயு இயக்கப் பொறி' என்னும் எளிய, வட்டச் சமச்சீர் உடைய ஆடியை அங்கே கட்டினர். அதில் 5 மெகாவாட் அளவு நொதுமல் கற்றைகள் சாய்வாகப் பாய்ச்சப்படுகின்றன. நுண்ணலைத் துணையோடு அப்பொறியின் எலக்ட்ரான் வெப்பம் 900 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. நூறிலேயே தேங்கிக் கிடந்தது என்று ஆடியின்மேல் சுமத்தப்பட்ட பழைய குற்றச்சாட்டுக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த மறுமொழி அது. முதிய வயதிலும் வட்டச் சமச்சீர் கொண்ட இரட்டை ஆடியைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் போஸ்ட் அதே 2015இல், தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார்.

2024 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 'வாம்' என்னும் புதிய ஆடி தன் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. அதன் முனைக் காந்தங்களின் வலிமை 17 டெஸ்லா. அத்தகைய காந்தத்தைச் சாத்தியமாக்கிய உயர்வெப்ப மீக்கடத்தி நாடா, டோகமாக்குக்காக உழைத்தவர்களின் முயற்சியால் முதிர்ந்த ஒன்று. ஒரு வீட்டுப் பெண் மறு வீட்டை வாழவைத்தாள்; இப்போது மறு வீட்டின் சீர் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறது. அங்கும் பிளாஸ்மாவைச் சூடேற்றப் பயன்படுவது நொதுமல் கற்றையே.

இம்முறை ஆடி வெல்லுமா என்பதை நாம் அறியோம். அதைச் சொல்லவேண்டியது வருங்காலம். நாம் சொல்ல விழைவது இவ்வளவே. பொறிகள் மூடப்படலாம், காந்தங்கள் பழைய இரும்பாகலாம். ஆனால் ஒரு தேவைக்காக மனிதர் கற்றுக்கொண்ட கைவேலை, அத்தேவை அற்றுப்போனபின்னும் வேறொரு வாயில் வழியாக நுழைந்து வாழ்கிறது. அதை அறிந்து எழுதும்போதுதான் வரலாறு பரணியாக மட்டும் நின்றுவிடாமல் இருக்கும்.